மிலாக்ரோஸைப் பற்றி நான் எழுதிய சொல்

1

ஒரு பெண்ணின் வேலையை நான் போக்கினேன். அவளுடைய பெயரையும் கெடுத்தேன். இரண்டையும் ஒரே சொல்லால் செய்தேன். சொல்லைத் தவறுதலாகத்தான் எழுதினேன். அதை யாரும் மன்னிக்கலாம். ஆனால் தவறு தெரிந்த பிறகு, அதைத் திருத்தும் வாய்ப்பு என் மேசைக்கே நடந்து வந்து நின்றபோது, நான் 'டாங்கே' என்று நன்றி சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அதைத்தான் குற்றம் என்கிறேன்.

இதை எழுதத் தூண்டியவர் போன கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு தம்பி. மனைவியைக் கூப்பிடுவதற்கான அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நிரப்பித் தரும்படி கேட்டு வந்திருந்தார். ஜேர்மனியில் நான் இருக்கும் ஹம் நகரத்தில் தமிழர்கள் இருபது வருடமாக இந்த வேலைக்கு என்னிடம்தான் வருகிறார்கள். ஊரில் நான் புவியியல் ஆசிரியர். இங்கே முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் எல்லோருக்கும் மாஸ்டர்தான்.

"மாஸ்டர், உங்கடை டொச்சுக்கு முன்னாலை டொச்சுக்காரனே நிக்கேலாது" என்றார் அந்தத் தம்பி, என் ஜேர்மன் மொழியைப் பற்றி.

சமையலறையில் இருந்து என் மனைவி திரேசம்மாவின் குரல் வந்தது. "ஓம் தம்பி, ஒரு ஆளின்ரை வேலையே போகிற அளவுக்குத் திறமான டொச்!"

தம்பி பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

2

எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு மகள் ஜெசிந்தா ஒரு பயணம் ஏற்பாடு செய்தாள். கரீபியன் கடலில் டொமினிக்கன் குடியரசு. ஜேர்மன்காரர் அதை 'டொம் ரெப்' என்று பக்கத்து ஊரைச் சொல்வதுபோலச் சுருக்கிவிட்டார்கள். யூரோக் காசு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இங்கே பனி, அங்கே வெயில். எங்களோடு அவளும் வந்தாள்.

வகுப்பில் அந்தத் தீவுகளைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். கரும்பு, புகையிலை, சூறாவளி. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு என் பாடக் குறிப்பில் இடம் இருக்கவில்லை.

விடுதி வாசலில் எங்கள் கையில் பச்சை நிறப் பிளாஸ்டிக் பட்டி ஒன்றைப் பூட்டினார்கள். அது இருந்தால் சாப்பாடும் குடியும் அளவில்லை. இரண்டு கிழமையும் கழற்ற ஏலாது. திரேசம்மா தன் காப்புக்குப் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னாள்.

"அகதி முகாமிலை அட்டையைக் காட்டிச் சாப்பாடு வாங்கினனாங்கள். இஞ்சை பட்டியைக் காட்டோணும். அங்கை அழுது கொண்டு நிண்டம், இஞ்சை எல்லாரும் பல்லைக் காட்டிக் கொண்டு நிக்கினம். அவ்வளவுதான் வித்தியாசம்."

மூன்றாம் நாளே அவளுக்கு அந்தச் சாப்பாடு வெறுத்துவிட்டது. நூறு பாத்திரம், ஒன்றிலும் உறைப்பு இல்லை. தட்டைக் கிளறிக்கொண்டிருந்தவளை எங்கள் மேசைக்குப் பரிமாறும் பெண் கவனித்தாள். நாற்பது வயது மதிக்கலாம். சட்டையில் குத்தியிருந்த பெயர் மிலாக்ரோஸ். அடுத்த நாள் தன் பையில் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, யாரும் பார்க்காத நேரம் மேசையில் வைத்தாள். புளித்தோடம்பழச் சாற்றில் மிளகாயை ஊறவைத்தது. அவள் வீட்டில் செய்தது. திரேசம்மா ஒரு துளி நாக்கில் விட்டாள். கண் கலங்கியது. உறைப்பினாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து திரேசம்மா அவளுக்கு 'மாமா', நான் 'பாப்பி'. அவளுடைய மொழியில் அம்மா, அப்பா. மிலாக்ரோஸ் எங்களோடு டொச்சில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, பதினொரு வருடம் சாப்பாட்டுத் தட்டுத் தூக்கி, விருந்தினர் வாயிலிருந்து பொறுக்கிச் சேர்த்த டொச். எல்லோரையும் 'நீ' என்றுதான் அழைத்தாள். விடுதியில் அதுதான் வழக்கம். என்னை யாரும் 'நீ' என்றால் எனக்குப் பிடிக்காது. அவள் சொன்னபோது பிடித்தது.

3

அந்த மக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கண்ட நல்ல மனிதர்களில் அவர்களுக்குத் தனி இடம் உண்டு.

விடுதியைச் சுற்றி உயரமான மதில். அதற்கு முன் அங்கே மீனவர் தோணிகள் கிடந்தனவாம். இப்போது தோணிகள் பாறைப் பக்கமாக ஒதுங்கிவிட்டன. பிடிக்கும் நல்ல மீன் விடுதிக்குப் போகிறது. ஊர்க்காரர் கோழி வாங்குகிறார்கள். தண்ணீர் விடுதிக்கு நாள் முழுவதும், ஊருக்கு நாள்விட்டு நாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கணித ஆசிரியர் விருந்தினரை ஏற்றி இறக்க வாகனம் ஓட்டுகிறார். அதைக் கேட்டபோது ஹம்மில் நான் உருளைக்கிழங்கு தோல் சீவிய காலம் நினைவுக்கு வந்தது.

மறுபக்கமும் உண்டு. விடுதிச் சம்பளத்தில் மிலாக்ரோஸ் தன் தங்கையைத் தாதியாகப் படிக்க வைத்தாள். கூரை போட்ட வீடு கட்டினாள். அவளுடைய தாய் காலத்தில் ஒரு பெண் தன் கையால் உழைத்து வீடு கட்டியதை அந்த ஊர் கண்டதில்லையாம்.

ஆனால் அதே வேலையால் ஒரு பயமும் வந்தது. விடுதிக்குப் போகும் பெண்ணை ஊர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். கிழட்டு விருந்தினன் ஒருவனைப் பிடித்து ஜேர்மனிக்குப் பறந்த பெண்கள் உண்டு. அதனால் அப்படிப் போகாத பெண்கள்மேலும் அந்தக் கண் இருந்தது. "இரண்டு நாள் ஒரே மேசையில் நான் கூடுதலாகச் சிரித்தால், அந்தச் சிரிப்பு எனக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விடும்" என்று மிலாக்ரோஸ் ஒருமுறை சொன்னாள்.

இவ்வளவு நெருக்கடிக்குள்ளும் அவர்கள் தங்களை இழக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு வேலையாட்களின் பேருந்து புறப்படுவதை ஒருநாள் வேலியோரம் நின்று பார்த்தேன். படியில் கால் வைத்ததும் அந்த முகங்கள் மாறின. யாரோ விருந்தினர் ஒருவர் நடப்பதுபோல வயிற்றைத் தள்ளி நடந்து காட்ட, பேருந்தே குலுங்கியது. ஒரு நாளில் நாலு மொழியில் வணக்கம் சொல்லி, நாலு மொழியில் ஏச்சு வாங்கி, ஐந்தாவதான தங்கள் மொழியில் அத்தனையையும் சிரித்துத் துப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். நாங்கள் ஏச்சை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் இறக்கியவர்கள். அதனால்தான் அவர்களைப் பார்த்து எனக்கு வியப்பு.

4

பத்தாம் நாள் ஜேர்மன் விருந்தினருக்கு ஒரு கருத்து அட்டை கொடுத்தார்கள். மற்றவர்கள் கட்டங்களில் புள்ளடி போட்டுவிட்டுப் போனார்கள். நான் மாஸ்டர் அல்லவா? நீச்சல் குளத்தோரம் உட்கார்ந்து பின்பக்கம் முழுவதும் எழுதினேன். மிலாக்ரோஸின் பெயரை எழுதி, அவளை எப்படிப் புகழலாம் என்று யோசித்தேன். எப்போதோ படித்த அழகான சொல் ஒன்று நினைவில் வந்தது: 'சுட்ராவ்லிஹ்'. நம்பி, பயமில்லாமல் நெருங்கிப் பழகுகிற என்று பொருள். அகராதி கையில் இல்லை. பக்கத்துக் கதிரையில் மகள் இருந்தாள், அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நினைவில் இருந்து எழுதினேன்: 'சுட்ரிங்லிஹ்'.

தமிழில் எழுதினால் நடுவில் ஓர் அசைதான் வித்தியாசம். ஆனால் இரண்டாவது சொல்லுக்கு, விடாமல் ஒட்டிக்கொண்டு தொல்லை தருகிற, மேலே வந்து விழுகிற என்று அர்த்தம். ஆண் பெண் விஷயத்திலும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

இரண்டு நாள் மிலாக்ரோஸைக் காணவில்லை. லீவாக இருக்கும் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் மகள் படகில் ஊர் சுற்றப் போயிருந்தாள். காலைச் சாப்பாட்டின்போது பயண நிறுவனத்தின் ஜேர்மன் பெண் எங்கள் மேசைக்கு வந்தார். கையில் என் அட்டை.

"உங்களுக்கு நேர்ந்த தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும். அந்தப் பெண்ணை விடுதி நீக்கிவிட்டது. இனி அவர் உங்களை நெருங்க மாட்டார்" என்றார்.

"என்ன தொந்தரவு?"

அட்டையில் விரல் வைத்து அந்தச் சொல்லை வாசித்தார். அவருடைய வாயில் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. வாய் திறக்கப் போனேன். அதற்குள் அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அதிருக்க, உங்கள் டொச் எவ்வளவு அருமை! இப்படி ஒரு சொல்லை எங்கள் ஆட்களே சரியாக எழுதமாட்டார்கள்."

நான் "டாங்கே" என்றேன்.

அவர் போய்விட்டார். டொச் அவ்வளவாக விளங்காத திரேசம்மா, "என்னப்பா சொல்லிப் போட்டுப் போறா?" என்றாள்.

"என்ரை டொச் நல்லாயிருக்காம்."

"மிலாக்ரோஸைப் பற்றி?"

"வேறை இடத்துக்கு மாத்திப் போட்டினமாம்."

நாற்பது வருடத் திருமணத்தில் நான் அவளுக்குச் சொன்ன பெரிய பொய் அது. போத்தலில் பாதி மிச்சம் இருந்தது. மூடியை இறுக்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

5

ஹம்முக்குத் திரும்பிய பிறகு நித்திரை போய்விட்டது. விடுதிக்குக் கடிதம் எழுதினேன், பிழை என்னுடையது, அந்தப் பெண்ணைத் திரும்ப எடுங்கள் என்று. ஆறு கிழமையில் பதில் வந்தது. 'மதிப்புக்குரிய அம்மையாரே' என்று எனக்கு. உங்கள் கருத்துக்கு நன்றி, அது எங்கள் சேவையை மேம்படுத்த உதவும், அடுத்த பயணத்துக்கு ஒரு சலுகைச் சீட்டு இத்துடன். இன்னும் இரண்டு முறை எழுதினேன். அதே கடிதம், அதே அம்மையார். இங்குள்ள அலுவலகங்களை எதிர்த்து எத்தனையோ பேருக்கு முறையீடு எழுதி வென்றவன் நான். என் சொந்த முறையீடு சுவரில் எறிந்த பந்துபோல வந்து விழுந்தது.

சலுகைச் சீட்டை ஜெசிந்தா கண்டுவிட்டாள். அன்றுதான் தாய்க்கும் மகளுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஹம்மில் வளர்ந்தவள். கோபம் வந்தால் தமிழும் டொச்சும் கலந்து வரும்.

"நீங்கள் டாங்கே எண்டோ சொன்னனீங்கள்? அப்பா, இது ப்ஃலேகலைஹ்ட் கதைதான் திரும்பவும்!"

அந்தக் கதையையும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒருவர், "உங்கள் தமிழர்கள் ப்ஃலேகலைஹ்ட்" என்று என் தோளில் தட்டினார். நான் பெருமையோடு ஒரு திருமண வீட்டில் இதைச் சபையில் சொன்னேன். அப்போது பன்னிரண்டு வயதாயிருந்த ஜெசிந்தா எல்லோருக்கும் கேட்க, "அப்பா, அது சேர்ட்டின்ரை கழுத்துப்பட்டியிலை இருக்கிற சொல்லு. ஸ்திரிக்கை போடத் தேவையில்லை, கழுவிக் காயப்போட்டாக் காணும் எண்டு" என்றாள். சபை சிரித்தது. நான் அவளை ஏசினேன். அதற்குப் பிறகு அவள் என் டொச்சைத் திருத்தவே இல்லை. குளத்தோரத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்தும் நான் கேட்காததற்கும், அவள் எட்டிப் பார்க்காததற்கும் வேர் அங்கேதான்.

"கடிதம் காணாது. போகோணும்" என்றாள் ஜெசிந்தா.

திரேசம்மா வர மறுத்தாள். "நீங்கள் செய்ததை நீங்கள்தான் போய்ச் சொல்லோணும். நான் வந்தால் என்ரை முகத்துக்குப் பின்னாலை ஒளிப்பியள்." தான் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை இரண்டு பையில் கட்டி என் பெட்டியில் வைத்தாள்.

6

அடுத்த குளிர்காலத்தில் நானும் மகளும் போனோம். விடுதியில் தங்கவில்லை, ஊருக்குள் ஒரு சின்ன வீட்டில். நான்கு மணிப் பேருந்தின் ஓட்டுநரிடம் பெயரைச் சொன்னோம். அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு ஒரு தெருவைக் காட்டினார்.

மிலாக்ரோஸ் வீட்டு வாசலில் மேசை போட்டு மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"நீங்கள் என்ன வேண்டி வந்தீர்கள்?" என்றாள்.

நீங்கள். பதினொரு வருடத்தில் எந்த விருந்தினருக்கும் அவள் கொடுக்காத மரியாதையை எனக்குக் கொடுத்தாள். அதற்குமேல் ஒரு தண்டனை தேவையில்லை.

சட்டியில் மீன் பொரியும்போதே சொல்லி முடித்தேன். அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான்: நான் எழுத நினைத்தது புகழ்ச்சி என்பது. மற்றதெல்லாம் ஊருக்கே தெரிந்திருந்தது. விசாவுக்காக ஒரு கிழவன்மேல் விழுந்தாள் என்று அந்தச் சொல்லுக்கு ஊர் கைகால் வைத்திருந்தது. கணவனின் வீட்டார் வருவதில்லை. கத்தோலிக்கக் கோயிலில் அவள் இருக்கும் வாங்கில், அந்த நீள இருக்கையில், பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறது. மற்ற விடுதிகளில் வேலை கேட்டால் பழைய விடுதிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கிறார்கள்.

"என்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன பயன்? எனக்கு நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும்" என்றாள். கரண்டியால் தெருமுனையைக் காட்டினாள். "தெரியாதவர்கள் அங்கே இருக்கிறார்கள்."

தெருமுனையில் ஒரு பலசரக்குக் கடை. வாசலில் பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள் டொமினோ விளையாடினார்கள். பெண்கள் கதை பேசினார்கள். கணவனின் தாயாரும் இருந்தார். மிலாக்ரோஸ் அடுப்பை அணைத்துவிட்டு முன்னால் நடந்தாள். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. நான் டொச்சில் சொல்ல, மொழிபெயர்க்க அந்தத் தெருவில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

நான் அவர்கள் நடுவில் நின்று பேசினேன். வகுப்பெடுத்த பழக்கம், நீளமாகத்தான் வந்தது. இரண்டு சொற்களின் வித்தியாசம், என் அகங்காரம், அந்த ஜேர்மன் பெண் பாராட்டியது, நான் வாய் மூடியது. மிலாக்ரோஸ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாலே சொல்லில் மொழிபெயர்த்தாள். கடை வாசல் அதிரச் சிரித்தது. மாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன சொன்னாய்?" என்றேன்.

"இந்தக் கிழவருக்கு டொச் தெரியாது என்றேன்."

டொமினோக் கட்டையைக் கையில் வைத்திருந்த ஒரு முதியவர் ஏதோ கேட்டார். அப்படியானால் என்ன எழுத நினைத்தாய் என்று கேட்கிறார் என்றாள் மிலாக்ரோஸ். நான் நிமிர்ந்து நின்று அந்த நல்ல சொல்லைச் சொன்னேன்: சுட்ராவ்லிஹ்.

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். மிலாக்ரோஸ் மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"குளத்தோரம் ஒரு மண்ணிற நாய் வரும், நினைவிருக்கிறதா? ஜேர்மன்காரர்கள் தடவிக்கொடுத்துவிட்டு அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்."

மகளைப் பார்த்தேன். "ஓம் அப்பா. நாய், பூனை, குழந்தைப் பிள்ளையளுக்குத்தான் சொல்லுறது. வளர்ந்த ஆக்களுக்குச் சொல்லக் கூடாது" என்றாள் மெதுவாக.

கடலைத் தாண்டி வந்து நான் மீட்டுக் கொடுக்க நினைத்த சொல்லே அதுதான். ஸ்திரிக்கை வேண்டாத சட்டை என்று என் தோளில் தட்டியவரும் புகழத்தான் செய்தார்.

மிலாக்ரோஸ் கடைசியில் அவர்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டொமினோ முதியவர் ஒரு கதிரையை இழுத்து எனக்குப் போட்டார். பிறகு கேட்டபோது சொன்னாள்: "உண்மையில் என்னைப் புகழத்தான் நினைத்தார், ஆனால் அவருக்குப் புகழவும் தெரியாது என்று சொன்னேன்."

மிளகாய்த்தூளை வாங்கி மணந்து பார்த்தாள். "இது 'மாமா'வுடையது" என்று மட்டும் சொன்னாள்.

7

விடுதி அவளைத் திரும்ப எடுக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமியார் கோயிலில் அவளுடைய வாங்கில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் பின்வரிசையில் இருந்து பார்த்தோம். சில மாதத்தில் மிலாக்ரோஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மீன் கடை நடக்கிறது. அத்தோடு, விடுதி வேலைக்குப் போகவிருக்கும் பெண்களுக்குக் கோயில் மண்டபத்தில் டொச் சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு உதவி வேண்டும்: விருந்தினர் அட்டையில் வேலையாட்களைப் பற்றி எழுதக்கூடிய சொற்கள் அத்தனையையும், நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம், பட்டியலாக அனுப்புங்கள். அதிலும் 'நீங்கள்'தான்.

உலகக் கிண்ணக் கால்பந்தாட்டத்துக்காக ஹம்மில் யன்னலெல்லாம் கொடி தொங்கிய கோடை அது. ஜெசிந்தா வேலை முடிந்து வந்து எங்கள் சமையலறை மேசையில் என்னோடு உட்காருவாள். நான் எழுதுவேன், அவள் திருத்துவாள். வெளியே கோல் அடித்து ஊர் கத்தும்போது நாங்கள் ஒரு சொல்லுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருப்போம்.

"அப்பா, இது நல்ல பக்கமில்லை."

"ஏன் பிள்ளை, அகராதியிலை நல்லதெண்டுதானே கிடக்கு?"

"அகராதி மேசையிலை தட்டுத் தூக்கினதில்லை."

பத்து வருடத்துக்குப் பிறகு அவள் என் டொச்சைத் திருத்தினாள். நான் ஏசவில்லை. சுட்ரிங்லிஹ் கெட்ட பக்கத்தில் முதலாவது. சுட்ராவ்லிஹ்ஹையும் அவள் அதற்குக் கீழேயே போட்டாள். பட்டியலை மடித்து உறைக்குள் வைக்கும் முன், அதே பக்கத்தில் கடைசியாக நான் ஒரு சொல்லைச் சேர்த்தேன்: ப்ஃலேகலைஹ்ட். விளக்கம் எழுதவில்லை. ஜெசிந்தா பார்த்துவிட்டு உறையை எடுத்துக் கொடுத்தாள்.

இலை உதிரும் காலத்தில் பதில் வந்தது. பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறதாம். பெண்கள் ஒவ்வொரு சொல்லையும் நடித்துக் காட்டிப் படிக்கிறார்களாம். கடைசி வரியில் இப்படி இருந்தது:

'கடைசிச் சொல்லை இங்கே எந்த விருந்தினரும் எழுதியதில்லை. பாப்பி, அதை உன்னைப் பற்றி எழுதியது யார்?'